சுவானி மலையிலிருந்து இரண்டு பீப்பாய் தண்ணீர்

1899 நவம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மலையூரான சுவானியிலிருந்து ஒரு ரயில் பெட்டி புறப்பட்டது. உள்ளே ஊர்க் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி மாணவர்கள் இருபத்தொரு பேரும் அவர்களுடைய கோச் பில்லி சூட்டரும் இருந்தார்கள். வீரர்களின் கைகால் பிடித்துவிட கேல் பரோஸ் என்ற கறுப்பின உதவியாளர் கூட வந்தார். எல்லாக் கணக்கு வழக்கும் பார்த்தவர் லூக் லீ, இருபது வயது மாணவர். இவர்களோடு ஏறிய சாமான்களில் என் மனதை விட்டுப் போகாதவை இரண்டு பீப்பாய்கள். இரண்டிலும் ஊர்ச் சுனைத் தண்ணீர்.

சுவானி கம்பர்லாண்ட் பீடபூமியின் மேல், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 அடி உயரத்தில் இருக்கிறது. உச்சியில் மணற்பாறை. அதில் இறங்கும் மழைநீர், அடியில் இறுகிய பாறைப் படிவத்தைத் தொட்டதும் அதற்குக் கீழே போக வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து சுனையாக வெளிவரும். பாறையே வடிகட்டிக் கொடுத்த தண்ணீர் அது. மலையில் படித்த பையன்களுக்கு அதுதான் தண்ணீர்.

ஊர் விட்டு ஊர் போனால் தண்ணி ஒத்துக்கொள்ளாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பயம் அன்றைய அமெரிக்காவில் உயிர்ப் பயம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்பெயினோடு நடந்த போரில், குண்டுபட்டு இறந்த அமெரிக்கச் சிப்பாய்களைவிட முகாம்களில் டைபாய்டு கண்டு இறந்தவர்கள் அதிகம். இந்த அணி போகவிருந்த நியூ ஆர்லியன்ஸில் மக்கள் மழைநீர்த் தொட்டிகளை நம்பி வாழ்ந்தார்கள். தண்ணீருக்கும் சாக்கடைக்குமான நகர வாரியம் உருவானதே அந்த 1899-இல்தான். ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடப் போகிறவர்களில் நாலு பேருக்கு வயிறு கெட்டால் எல்லாம் முடிந்தது. பந்தையும் சட்டையையும் யாரும் மறக்காமல் எடுத்து வைப்பார்கள். தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தனி மனம் வேண்டும்.

இந்தப் பயணத்தை லீ யோசித்ததற்குப் பின்னால் பணக் கவலையும் இருந்தது. பக்கத்துப் பெரும் போட்டியாளரான வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு. அந்த ஆண்டு அவர்களோடு ஆட்டமே இல்லை. வசூல் தரும் ஆட்டம் கையை விட்டுப் போனதும், அதை ஈடுகட்ட லீ தெற்கும் மேற்குமாகச் சுற்றும் பயணம் ஒன்றை வகுத்தார். மொத்தம் சுமார் 2,500 மைல்.

சுவானியிலிருந்து அடிவாரக் கோவன் வரை இறங்கும் ரயில் பாதைக்கு ‘மலையாடு’ என்று செல்லப் பெயர், அவ்வளவு செங்குத்து. பீப்பாய்கள் பத்திரமாக ஏறின. வீரர்களின் காலணிகள்தான் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டன! வண்டி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. லீ தந்தி அடித்தார். பின்னால் வந்த வண்டியில் காலணிகள் வந்து சேர்ந்தன.

அன்றைய அமெரிக்கன் ஃபுட்பால் இன்று தொலைக்காட்சியில் பார்ப்பது போன்றதல்ல. பந்தை முன்னால் எறிய அனுமதியே கிடையாது. அது 1906-இல்தான் வந்தது. ஐந்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்பு. அதனால் ஆட்டம் பெரும்பாலும் உடம்போடு உடம்பு மோதித் தள்ளுவதாகவே இருந்தது. தலைக்கவசம் கட்டாயமில்லை. ஒருவர் வெளியேறினால் திரும்ப வர முடியாது என்பதால், அடிபட்டவர்களும் களத்திலேயே நின்றார்கள். டச்டவுனுக்கு ஐந்து புள்ளி, அதன் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஒன்று.

நவம்பர் 9, ஆஸ்டின். டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என்று வென்றார்கள். கேப்டன் ஹென்றி சீபல்ஸுக்குத் தலை பிளந்து ரத்தம் கொட்டியது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10–0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் துலேன், 23–0. மூன்று நாள், மூன்று ஊர், மூன்று ஆட்டம். இரவெல்லாம் ரயில். பகலில் களம். ஆடி முடித்த உடம்பைப் பரோஸின் கைகள் பிசைந்து மறுநாளைக்குத் தயார் செய்தன. இந்த அணியை ‘இரும்பு மனிதர்கள்’ என்று பிற்காலம் புகழ்ந்தது. இரும்பு தானாக நேராவதில்லை. இந்த வெற்றியில் பரோஸுக்கு உள்ள பங்கை நான் சீபல்ஸின் பங்குக்குக் குறைத்து எடைபோட மாட்டேன். அவர் பிசைந்துவிட்ட உடம்புகள் படித்த கல்லூரியில் அவருடைய இனத்தார் மாணவராகச் சேர அன்று வழியில்லை. அந்தக் கதவு திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. சுவானி எபிஸ்கோப்பல் திருச்சபையின் கல்லூரி. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 34–0. 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பி, 12–0. ஐந்து ஆட்டங்களில் 91 புள்ளி எடுத்தார்கள், ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பயணத்தின் பலன் சுனைத் தண்ணீரால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாவது ஆட்டத்திலும் பதினொரு பேர் எழுந்து நின்று ஆடினார்கள். வெளியூர்த் தண்ணீர் அவர்களைச் சாய்க்கவில்லை.

லூக் லீ பிற்காலத்தில் நாஷ்வில்லில் ‘டென்னசியன்’ பத்திரிகையைத் தொடங்கினார், 1911-இல் செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்ஹெல்மைப் பிடித்துக்கொண்டு வர ஒரு சிறு குழுவோடு அவர் தங்கியிருந்த மாளிகைக்கே போய்விட்டார். காரியம் நடக்கவில்லை. இருபது வயதில் ஒரு ஃபுட்பால் பயணத்தை வகுத்த அதே துணிச்சல், இந்த முறை அளவு தாண்டியிருந்தது. கல்லூரி அணியும் அந்த உயரத்தில் நிற்கவில்லை. 1932-இல் தொடங்கிய தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 1940-இல் விலகியது. பெரிய கல்லூரிகள் விளையாட்டுக்காகவே ஆள் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் சிறிய மலைக் கல்லூரி ஈடு கொடுக்க முடியவில்லை.

ஆனால் 1899-இன் கதை மெம்ஃபிஸோடு முடியவில்லை. மலைக்குத் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கம்பர்லாண்ட் கல்லூரியை 71–0 என்று வென்றார்கள். நவம்பர் 30, மாண்ட்கோமரியில் ஆபர்ன். அவர்களுடைய கோச் ஜான் ஹைஸ்மன், இன்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆபர்ன் பத்து புள்ளி எடுத்தது. அந்தப் பருவம் முழுவதிலும் சுவானிக்கு எதிராக யாராவது எடுத்த புள்ளிகள் அந்தப் பத்து மட்டுமே. முடிவு 11–10. நடுவர் மீது ஹைஸ்மன் பத்திரிகையில் குறைபட்டுக்கொண்டார்.

இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 2-ஆம் தேதி, அட்லாண்டாவில் வட கரோலினாவைச் சந்தித்தார்கள். அதுவரை பதினொன்று ஆடி பதினொன்றும் வென்றிருந்தார்கள். வட கரோலினா ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. சுவானி ஐந்து எடுத்தது.