திரும்பி வந்த உணவு எங்கே போயிற்று?

2007 மார்ச் 16 அன்று, கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் எனத் தயாரிக்கப்பட்ட ஆறு கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் உறைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அது கூறியது. ஏறத்தாழ நூறு வணிகப் பெயர்களில் விற்ற அவ்வுணவு அனைத்தும் ஒரே நிறுவனத்தின் ஆலைகளில் உருவானது என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர். அதற்குள் அமெரிக்க வீடுகளில் செல்லப்பிராணிகள் சிறுநீரகம் பழுதுற்று இறக்கத் தொடங்கியிருந்தன.

முதலில் எலி மருந்தின் மீது ஐயம் எழுந்தது. மார்ச் இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உண்மைக் காரணியைச் சொன்னது: மெலமைன். தட்டுகளும் பலகைப் பூச்சுகளும் செய்ய உதவும் வேதிப்பொருள் அது. சீனாவின் ஜியாங்சு மாநிலத்திலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் இறக்குமதியான மாவில் அது கலந்திருந்தது. சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகத்தில் கரையாத படிகங்களாக உறைந்தது.

ஏன் கலந்தார்கள்? விடை 1883-இல் இருக்கிறது. அவ்வாண்டில் டென்மார்க்கின் வேதியியலாளர் ஜோஹான் கெல்டால், உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். உலக வணிகம் இன்றும் பெரிதும் அதையே நம்புகிறது. அச்சோதனை நைட்ரஜனை எண்ணுமேயன்றி, அது எங்கிருந்து வந்தது எனக் கேட்காது. புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 விழுக்காடு; மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு. மலிவான மாவில் சிறிதளவு மெலமைனைத் தூவினால், தாளில் புரதம் ஏறிவிடும்.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த வரலாறு. நான் கேட்க விரும்புவது அதன் பின்பகுதியை: திரும்பப் பெறப்பட்ட பொருள் பிறகு எங்கே செல்கிறது?

முதலில், எல்லாம் திரும்பி வருவதில்லை. பெரும்பகுதி உண்ணப்பட்டுவிடும், ஒரு பகுதி வீட்டுக் குப்பையில் சேரும். அறிவிப்பு வந்து வாரங்கள் கடந்த பிறகும் சில கடைகளின் அடுக்குகளில் அதே டப்பாக்கள் இருந்தன. திரும்பி வந்தவையும் உடனே அழிக்கத்தக்கவை அல்ல. அவை கிடங்கில் அடைபட்ட நச்சு மட்டுமல்ல, வழக்கில் சான்றும்கூட. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. இத்தகைய சரக்கின் இறுதி இடம் பொதுவாக எரியுலை, அல்லது யாரும் தோண்டி எடுக்க இயலாதவாறு நசுக்கிப் புதைக்கும் குப்பைமேடு.

ஆனால் திரும்பப் பெறும் ஆணை பெயர்ச்சீட்டு உள்ள பொருளை மட்டுமே பின்தொடர்கிறது. ஆலையின் தரையில் சிந்தியதற்கும், உடைந்த துண்டுகளுக்கும், அளவு பிசகி ஒதுக்கப்பட்டவற்றுக்கும் பெயர்ச்சீட்டு இல்லை. அவை தீவனமாக விலைபோகும். கலப்படம் வெளிப்படுமுன்பே அவ்வாறு விற்கப்பட்ட மிச்சங்கள் பன்றிப் பண்ணைகளை அடைந்திருந்தன. ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணையின் பன்றிகளது சிறுநீரில் மெலமைன் இருப்பது தெரிந்து, பண்ணை முடக்கப்பட்டது. விரைவில் பல மாநிலங்களில் ஏறத்தாழ 6,000 பன்றிகள் தடுத்து வைக்கப்பட்டன. இண்டியானாவிலோ அத்தீவனம் உண்ட கோழிகளுள் ஏறக்குறைய 30 இலட்சம் வரை ஏற்கெனவே சந்தைக்குச் சென்றிருந்தன. மனிதருக்கு ஏற்படக்கூடிய இடர் மிகக் குறைவு என மே மாதத்தில் அரசு அறிவித்தது. அது உண்மையாகவே இருக்கலாம். எனினும், அம்முடிவு எட்டப்பட்டபோது அக்கோழிகள் உண்ணப்பட்டுவிட்டன.

இதை விபத்தென்று மட்டும் கொள்ள இயலாது. செல்லப்பிராணி உணவுத் தொழிலின் பிறப்பே மிச்சத்தில்தான். 1860-களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் நாய் பிஸ்கெட்டை விற்றார். 1922-இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் குதிரை இறைச்சி டப்பாவில் அடைக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் வந்து குதிரைகள் வேலையிழந்த காலம் அது. மனிதர் உண்ணாததைப் பிராணிக்கு, பிராணிக்கு ஆகாததைப் பண்ணைக்கு எனச் சரிவு ஒன்று உண்டு. 2007 காட்டியது, அச்சரிவு ஒரு வட்டம் என்பதைத்தான். கடைசிப் படியிலிருந்து பொருள் மீண்டும் நம் தட்டுக்கே வருகிறது.

அந்த எச்சரிக்கை போதவில்லை. அடுத்த ஆண்டே சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் கலந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்; ஆறு குழந்தைகள் இறந்தனர். 2008 செப்டம்பரில் இந்தியா சீனப் பால்பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அமெரிக்காவில், பால்மாவு தவிர்ந்த உணவுகளைத் திரும்பப் பெறுமாறு கட்டளையிடும் அதிகாரம் 2007-இல் அரசுக்கு இல்லை. நிறுவனங்கள் தாமாகவே செய்ய வேண்டும். 2011 ஜனவரியில் கையொப்பமான உணவுப் பாதுகாப்பு நவீனமயமாக்கல் சட்டமே அவ்வதிகாரத்தை அளித்தது.

நம் நாட்டு நிலை என்ன? 2015-இல் மேகி நூடுல்ஸ் திரும்பப் பெறப்பட்டபோது, பல்லாயிரம் டன் சரக்கு சிமெண்ட் ஆலைகளின் சூளைகளில் எரிக்கப்பட்டது. பின்னர் அத்தடையை மும்பை உயர் நீதிமன்றம் விலக்கியது என்பது வேறு செய்தி; பொருள் எங்கே முடிந்தது என்பதையாவது நாம் அறிந்தோம். 2017-இல் உணவைத் திரும்பப் பெறுவதற்குத் தனி விதிமுறைகளும் வந்தன. ஆனால் அவற்றுக்கு ஆதாரமான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், ‘உணவு’ என்பதன் வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. நாயின் கிண்ணத்தில் விழுவது சட்டத்தின் கண்ணில் உணவன்று.

பெருநகர வீடுகளில் அக்கிண்ணங்கள் பெருகிவரும் காலம் இது. பிராணிகளின் மீதுள்ள பரிவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2007-இல் நச்சை முதலில் உடலில் வாங்கி நமக்குக் காட்டியவை பூனைகளும் நாய்களுமே. அவற்றின் உணவை எண்ணாத சட்டம், நம் உணவுக்குள் வரும் ஒரு வாயிலையும் எண்ணாமல் விட்டிருக்கிறது.