சொந்த உபயோகம்

2014இல் நானும் அம்மாவும் தென்காசியில் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். மாசம் பிறந்ததும் வாடகையைக் கையில் கொடுத்துவிடுவேன். ரசீது கேட்டதில்லை. ஐந்தாம் மாசம் முன்னறைச் சுவரில் அம்பேத்கர் படத்தை மாட்டினேன். அந்த வாரமே வீட்டுக்காரர் வந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

"தம்பி, மவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. வீடு எங்களுக்கே வேணும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க."

"சரி அண்ணாச்சி" என்றேன். எம்.ஏ. படித்த வாயில் அவ்வளவுதான் வந்தது. அம்மாதான் பிறகு கேட்டாள்: "கல்யாணம் என்னைக்காம்? பொண்ணு எந்த ஊராம்?" எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் களைகட்டிய நாளில் அந்த வழியாகப் போனேன். அருவியில் குளிக்க வந்தவர்களின் துண்டுகள் நம் கொடியில் காய்ந்தன. வீடு நாள் வாடகைக்குப் போயிருந்தது.

நம்மைக் காலி செய்யச் சொல்லும் குரல் பழையது. 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்த படிப்பு அங்கே செல்லவில்லை. இன்று தடி தேவைப்படுவதில்லை. "எங்களுக்கே வேணும்" என்ற மரியாதையான சொல் போதும். சாதி அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஆனால் அந்தச் சொல்லைச் சட்டம் அப்படியே நம்பியதில்லை. யுத்த கால வாடகைக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. பிறகு வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. உரிமையாளர் தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ வீடு கேட்கலாம். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு, தேவை நேர்மையானது என்று காட்ட வேண்டும். ஹமீதியா ஹார்டுவேர் ஸ்டோர்ஸ் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் கடைக் கட்டடங்களுக்கும் இதையே சொன்னது. உரிமையாளரின் ஆசை போதாது, தேவை வேண்டும். அம்மா கேட்ட கேள்வியும் இதுதானே?

அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் இன்னொன்றும் இருந்தது. உத்தரவு வாங்கி வீட்டை எடுத்தவர் ஒரு மாசத்துக்குள் குடிவராவிட்டால், அல்லது வந்து ஆறு மாசத்துக்குள் தக்க காரணமின்றி விட்டுப்போனால், வெளியேற்றப்பட்டவர் திரும்பக் குடியேற மனுச் செய்யலாம். இதைப் பிற்பாடு படித்தபோது வயிறு எரிந்தது. எனக்கு அது உதவியிருக்காது. நான் உத்தரவுக்குப் பணிந்து போனவன் அல்ல, ஒரு வாய்ச்சொல்லுக்குப் போனவன். கேள்வி கேட்காமல் காலி செய்பவனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

1960 சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். கைக்குக் கை வாடகை கொடுத்து வாழும் நம் ஆட்களுக்கு இது பெரிய அடி. ஆகவே ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள், வாடகை அதிகாரியிடம் பதியச் செய்யுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ மணியார்டரிலோ கொடுத்து அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். "சொந்த உபயோகம்" என்றால் யாருக்கு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்திக் காலி செய்யவைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

சாதிதான் காரணம் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நம்மை முறைகேடாக இடத்தைவிட்டு அகற்றுவதும், குடியிருப்பைவிட்டுப் போகும்படி செய்வதும் அதில் குற்றம். ஆனால் கல்யாணத்தைக் காரணம் சொல்பவரிடம் சாதியை நிரூபிப்பது எளிதல்ல. அவர் சொன்னது, சொன்ன தேதி, பார்த்த சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைப்பது நம் வேலை.

இப்போது வேறு வளவில் இருக்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே படத்தை மாட்டிவிட்டேன். ஆணியை அம்மா எடுத்துக் கொடுத்தாள்.