தாய்வழி நச்சுச் சுமையும் காலம் கடந்த அறிவுரையும்: பிசிபி ஆய்வுகளை முன்வைத்து

பிசிபி எனச் சுருக்கமாக வழங்கும் பாலிகுளோரினேற்ற பைஃபீனைல்கள் எளிதில் தீப்பற்றாதவை. வெப்பத்துக்கோ அமிலத்துக்கோ சிதையாதவை. மின்மாற்றிகளுக்கு அவை உகந்தவை ஆனதும், உடலில் புகுந்தபின் வெளியேறாமல் தங்குவதும் இந்த ஒரே பண்பால்தான். கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேரும் இவை நஞ்சுக்கொடி வழியே கருவையும் தாய்ப்பால் வழியே சிசுவையும் அடைகின்றன. இதற்குத் தீர்வாகக் கருவுற்ற பெண்ணுக்கு உணவு அறிவுரை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த அறிவுரை காலம் கடந்து வருகிறது, பொறுப்பையும் இடம் மாற்றிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தைவானில் 1979-இல் அரிசித் தவிட்டெண்ணெய் உண்ட ஏறத்தாழ 2,000 பேர் நோயுற்றனர். எண்ணெயின் வாடை போக்கும் கலனைச் சூடேற்றும் குழாய்களில் ஓடிய பிசிபி கசிந்து எண்ணெயில் கலந்திருந்தது. தொடர்ந்து சூடேறியதால் அதில் மேலும் கொடிய ஃபியூரான்களும் உருவாகியிருந்தன. ஜப்பானின் மேற்குப் பகுதியில் 1968-இலேயே இதே விபரீதம் நேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்ட தைவான் தாய்மார்களின் குழந்தைகள் சிலருக்குத் தோல் கருத்தும் நகங்கள் சிதைந்தும் இருந்தன. சிலர் பல்லோடு பிறந்தனர். பின்னாளில் அவர்களின் நுண்ணறிவு ஈவு, ஒப்பீட்டுக் குழந்தைகளுடையதைவிட ஏறத்தாழ 5 புள்ளிகள் குறைந்திருந்தது. எண்ணெய் நிறுத்தப்பட்டு ஆறாண்டு வரை கழித்துப் பிறந்தவர்களும், உடனடியாகப் பிறந்தவர்களுக்கு இணையாகவே பின்தங்கினர் என்பதுதான் இதில் முக்கியம்.

விபத்தின் அளவை வைத்து அன்றாட வாழ்வை எடைபோடலாமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிப் பகுதியில் ஜோசப் ஜேக்கப்சனும் சாண்ட்ரா ஜேக்கப்சனும் 212 குழந்தைகளை 11 வயது வரை பின்தொடர்ந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்கே விபத்து எதுவும் இல்லை; தாய்மார் பலர் ஏரி மீன் உண்டவர்கள், அவ்வளவே. அங்கும் கருவில் மிகுதியாக பிசிபி பெற்றவர்களிடம் அறிவுத்திறன் குறைவு காணப்பட்டது. பால் வழியே சேர்ந்த பிசிபி அளவில் அதிகம் எனினும், குறைபாடு கருக்கால அளவோடுதான் பொருந்தியது. ஆகவே தாய்ப்பாலைக் கைவிடச் சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை.

உணவு அறிவுரையே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. மீனிலுள்ள மீத்தைல் பாதரசம் சுமார் இரண்டு மாதத்தில் உடலில் பாதியாகக் குறையும். அங்கே மீனைத் தேர்ந்து உண்பது கைமேல் பலன் தரும். பிசிபியில் சில வகைகள் பாதியாகக் குறையவே ஆண்டுகள் பல ஆகும். பிள்ளைப்பேற்றின்போது வெளிப்படுவது தாய் பிறந்ததிலிருந்து அவள் உடலில் சேர்ந்த சுமை. கனடாவின் வடக்கே நுனாவிக் பகுதியில் பிசிபி ஆலை எதுவும் இருந்ததில்லை. ஆயினும் அங்குள்ள இன்யூட் தாய்மாரின் பாலில் தென் கியூபெக் தாய்மாரின் பாலைவிடச் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்ததாக 1989-இல் எரிக் டெவைலி குழுவினர் பதிவுசெய்தனர். காற்றும் கடலும் கொண்டுவந்து, கடற்பாலூட்டிகளின் கொழுப்பில் சேர்த்த நஞ்சு அது. முன்னோர் வழிவந்த அந்த உணவைக் கைவிடச் சொல்வது, ஆலைகள் செய்த தவற்றுக்குத் தாயைத் தண்டிப்பதாகும்.

எது பலன் தரும் என்பதை ஸ்வீடனில் சேமித்துவைத்த தாய்ப்பால் மாதிரிகள் காட்டுகின்றன. 1970-களில் பிசிபி கட்டுப்படுத்தப்பட்டபின் பாலில் அதன் அளவு இறங்கியது. அதே காலத்தில், கட்டுப்பாடற்றுப் புழங்கிய புரோமின் கலந்த தீத்தடுப்பான்களின் அளவு 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பானது. தாய்மார் அதே நாட்டினர். வேறுபட்டது சட்டம் மட்டுமே.

2001-இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி உள்ள கருவிகளின் பயன்பாட்டை 2025-க்குள் நிறுத்தவும், கழிவை 2028-க்குள் பாதுகாப்பாகக் கையாளவும் கெடு விதித்தது. பழைய மின்மாற்றிகளைக் கணக்கெடுத்து அழிக்கும் பொறுப்பு அரசுகளுடையது, உற்பத்தியாளர்களுடையது. அதை மகப்பேறு மருத்துவமனையின் உணவுப் பட்டியலால் ஈடுசெய்ய இயலாது.