குழந்தையின் முதல் படுக்கை: தரையா, கட்டிலா?

தூளியில் கால் தட்டத் தொடங்கியதும் பிள்ளையை இறக்கிவிடுகிறோம். அதன் பிறகு அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடம். இரண்டு, மூன்று வயதாகும்போது தனிப் படுக்கை பற்றிய பேச்சு எழும். அடுத்த குழந்தை வரப்போவது காரணமாக இருக்கலாம். ராத்திரி முழுக்க உதை வாங்கிய அப்பாவின் புலம்பலும் காரணமாக இருக்கலாம். கடைக்குப் போனால் கார் வடிவக் கட்டில், வீடு வடிவக் கட்டில், சறுக்குமரம் வைத்த கட்டில் என்று கண்ணைக் கட்டும். அலங்காரத்தையெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தால் தேர்வு இரண்டுதான். ஒன்று, தரையில் விரித்த மெத்தை. மற்றொன்று, பக்கத்தடுப்பு வைத்த தாழ்ந்த கட்டில்.

தரைக்குப் பரிந்து பேசுபவர்கள் இன்று கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் பெயரைச் சொல்கிறார்கள். தப்பில்லை. கம்பிபோட்ட உயரக் கட்டிலில் குழந்தையை அடைப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். தூக்கம் வந்தால் தானே போய்ப் படுக்கவும் விழித்தால் தானே எழுந்து வரவும் தோதாக, தரையை ஒட்டிய படுக்கை வேண்டும் என்று எழுதினார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே இருந்தார். அவர் ஐரோப்பியத் தாய்மாரிடம் வாதாடிப் பெற வேண்டியிருந்த ஒன்று, பாய் விரித்துப் படுக்கும் நம் வீடுகளில் யாரும் கேட்காமலே இருந்தது. இப்போது அதே பாய் வேறு பெயரில் பல மடங்கு விலைக்குத் திரும்பி வருகிறது!

தரைப் படுக்கையின் முதல் நன்மையை யாரும் மறுக்க முடியாது: விழுவதற்கு உயரமே இல்லை. ஆனால் மாண்டிசோரி சொன்ன ஏற்பாட்டில் அறை முழுவதும் குழந்தைக்கானது. பிளக், கொதிகலன் போன்ற ஆபத்தான எதுவும் அதன் கைக்கு எட்டாது. நம்மில் பலருக்கு இருப்பதே ஓர் அறை, அதில்தான் எல்லாரும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தானே எழும் பிள்ளை நேரே குளியலறையில் நீர் நிரம்பிய வாளியிடம் போகும். தரையில் படுத்த பிள்ளை உருண்டு உருண்டு பெற்றோரின் கட்டிலுக்கு அடியில் போய்விடுவதும், நள்ளிரவில் தேடிக் கலங்குவதும் பல வீடுகளில் நடப்பதுதான். தரையில் போடுவதென்றால் வாசலில் ஒரு தடுப்பும், குளியலறைக் கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் கட்டாயம்.

அடுத்தது ஈரம். குழந்தைக்குத் தலையெல்லாம் வியர்க்கும். அந்த வியர்வை மெத்தைக்குள் இறங்கி, குளிர்ந்த டைல்ஸைத் தொடும் இடத்தில் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெத்தையைப் புரட்டிப் பாருங்கள், அடியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்திருக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. காலையில் படுக்கையைச் சுருட்டி வைக்கும் பழைய வழக்கத்துக்கு இடநெருக்கடி மட்டுமே காரணமில்லை, இதுவும்தான். தினமும் தூக்கி நிறுத்த முடியாதவர்களுக்குத் தரை மெத்தை ஒத்துவராது. பலகை இடைவெளி விட்டு அடித்த கட்டிலில் அடியில் காற்று ஓடும். சாமான் வைக்க அடியை மூடிய பெட்டிக் கட்டிலில் அந்த வசதி கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். எனக்கு இந்த ஒப்பீட்டைத் தீர்த்து வைப்பது வேறொன்று: கட்டுவிரியன். எலியையும் தவளையையும் பிற பாம்புகளையும் தேடி இரவில் அலையும் பாம்பு அது. தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகமாகக் கடிக்கிறது. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, பல்தடமும் சரியாகத் தெரிவதில்லை. விடியும் வேளையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழும், பிறகு கண் இமை தொங்கும், மூச்சு திணறும். அதற்குள் அஜீரணம் என்று கைவைத்தியம் பார்த்து நேரம் போயிருக்கும். செந்தேளும் இப்படித்தான். பெரியவர்கள் தாங்கும் கொட்டு சின்னப் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும். வயலோரத்திலும், தோட்டத்திலும், செங்கல் அடுக்கிய மனைக்குப் பக்கத்திலும், புறநகரின் புதுக் குடியிருப்புகளிலும் தரைத்தளத்தில் வாழ்பவர்களுக்கு இது கற்பனைப் பயம் அல்ல.

நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களைப் பாம்பு கடித்தது மிகக் குறைவு என்று கண்டது. வலையைத் தரைமெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகினாலும் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். செருகிய வலை செருகியபடியே இருந்தால் சரி. ஆனால் பிள்ளை நினைத்தபோது எழுந்து போகலாம் என்பதுதான் தரைப் படுக்கையின் பெருமை. அது ஒருமுறை வெளியே வந்தால் வலை திறந்து கிடக்கும். ஆகவே இத்தகைய தரைத்தள வீட்டில் கட்டிலும் வலையும் சேர்ந்தே வேண்டும். போர்வை தரையில் தொங்கக் கூடாது. கட்டில் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

சுவரைவிட்டுத் தள்ளினால் இரண்டு பக்கமும் தடுப்பு தேவை. கட்டிலின் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணக் கட்டில் பதினெட்டு அங்குல உயரம், மேலே ஆறு அங்குல மெத்தை, ஆக இரண்டடி. கீழே கிரானைட். விழுந்தால் பெரும்பாலும் நெற்றி வீக்கத்தோடு போய்விடும். தடுப்பில் சிக்கிக்கொள்வது அதைவிட மோசம். குழந்தையின் உடல் நுழையும் இடைவெளியில் தலை நுழையாது. உடல் வெளியே, தலை உள்ளே என்று தொங்கினால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் அமெரிக்காவில் அடுக்குக் கட்டிலின் மேல்தளத் தடுப்பில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று விதி உண்டு. நம் ஆசாரிகள் கடைசல் கம்பிகளை அழகுக்காக ஐந்தாறு அங்குலம் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அளவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் இங்கே அடிக்கடி நடக்கிறது. கட்டில் ஆசாரியிடம், மெத்தை கடையில். ஒற்றை மெத்தை 72, 75, 78 அங்குல நீளங்களில் வருகிறது. 75 அங்குலக் கட்டிலில் 72 அங்குல மெத்தையைப் போட்டால் மூன்று அங்குலப் பள்ளம் விழும். பெரியவருக்கு அது தலையணை செருகும் இடம். குழந்தைக்கு அது பொறி. மெத்தையை முதலில் வாங்கி, அதன் அளவுக்குக் கட்டில் செய்யச் சொல்லுங்கள்.

குழந்தைக்கென்றே விற்கும் குட்டிக் கட்டிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் மெத்தை சுமார் 132 சென்டிமீட்டர் நீளம். ஐந்தாறு வயதில் பிள்ளை 110 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும், அப்புறம் கால் நீட்ட இடமிருக்காது. ஆறடிக்கு மூன்றடிக் கட்டிலையே கால் குட்டையாகச் செய்து, கழற்றக்கூடிய தடுப்புடன் வாங்கினால் கல்லூரி வரை ஓடும். அடுக்குக் கட்டிலின் மேல்தளம் ஆறு வயதுக்குக் கீழே கூடாது. நம் ஊரில் ஆறுக்கு மேலும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மேலே மின்விசிறி சுற்றுகிறது.

மெத்தை விஷயத்தில் தரைக்கும் கட்டிலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை லேசானது, வெயிலில் காயவைத்தால் மறுபடி உப்பும், சூடு பிடிக்காது. ஆனால் ஐந்து வயது வரை இரவில் நனைப்பது சகஜம், நனைந்த பஞ்சு லேசில் காயாது, வாடையும் போகாது. நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தையும் மேலே ஒரு ரப்பர் ஷீட்டும் போதும். அமுங்கிப் போகும் மெமரி ஃபோம் சித்திரை வெயிலில் பெரியவர்களுக்கே கொதிக்கும்.

என் தீர்ப்பு இதுதான். மாடியில் குடியிருந்து, அறையைக் குழந்தைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தி, மெத்தையைத் தினமும் தூக்கி நிறுத்தும் பொறுமை இருப்பவர்களுக்குத் தரையே மேல். தரைத்தள வீடு என்றால் வலை கட்டிய தாழ்ந்த கட்டில், வேறு பேச்சில்லை. கட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் இரண்டு விரல்களை விட்டுப் பாருங்கள். மூன்றாவது விரலும் நுழைந்தால் மெத்தையை மாற்றிவிடுங்கள்.