ஹோம் கார்டு சின்னங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனைக் காத்து நின்ற உள்நாட்டுத் தொண்டர் படையினர் அணிந்த கைப்பட்டைகள், தோள்பட்டைத் துணிகள், தொப்பி வில்லைகள் முதலியவை. 1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்தார். ஜூலை இறுதிக்குள் சுமார் 15 லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் சீருடை இல்லை. எல்.டி.வி. (படையின் முதல் பெயரான லோக்கல் டிஃபென்ஸ் வாலன்டியர்ஸ் என்பதன் சுருக்கம்) என்று அச்சிட்ட காக்கிக் கைப்பட்டையைச் சொந்த உடைமேல் கட்டிக்கொண்டு காவலுக்குப் போனார்கள். தொலைவிலிருந்தே தெரியும் நிலையான சின்னம் அணிந்திருக்க வேண்டும் என்பது, தன்னார்வலரைப் போர்வீரராக ஏற்க 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே எளிய அந்தத் துணி, பிடிபட்டால் உயிர்காக்க வேண்டிய சட்டச் சான்று. ஜூலையில் படையின் பெயர் ஹோம் கார்டு என மாறியதும் பட்டையும் மாறியது.

சீருடை வந்தபின் அடையாளம் காண்பதற்கான முறை தெளிவானது. தோளில் 'ஹோம் கார்டு' என்ற வளைந்த துணி, அதன்கீழ் மாவட்ட எழுத்துகள், அதற்கும் கீழே பட்டாலியன் எண். கே.டி. என்றால் கென்ட், எஸ்.எக்ஸ். என்றால் சசெக்ஸ். முன்கையில் சிவப்பு வி-பட்டை ஒவ்வொன்றும் ஓராண்டுச் சேவை; சிவப்புச் சாய்சதுரம் பயிற்சித் தேர்ச்சி. தொப்பி வில்லை பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ரெஜிமென்டுடையதே. எனவே வில்லையை மட்டும் வைத்து ஹோம் கார்டு என்று முடிவுகட்ட முடியாது. 1943 முதல் துணைப்பணியில் சேர்ந்த பெண்களுக்குச் சீருடை கிடையாது, எச்.ஜி. எழுத்துள்ள வட்டப் பிளாஸ்டிக் ஊசிவில்லைதான்.

துணிச் சின்னங்களைப் போலி செய்வது எளிது. புற ஊதா விளக்கில் பளிச்சென ஒளிரும் நூல் ஐயத்துக்குரியது. ஆனால் பிற்காலச் சலவைத்தூள் பட்ட அசலும் ஒளிரும் என்பதால், பின்புறத் தையலையும் மங்கல் சீராக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சட்டையோடு கிடைத்த தொகுதியைப் பிரிக்கவே கூடாது: தனியே பெயர்த்த எண் துணி எந்த மாவட்டத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 201, 202, 203 ஆகிய எண்கள் மட்டும் விதிவிலக்கு. ஜெர்மானியர் தரையிறங்கினால் பின்னணியில் மறைந்திருந்து தாக்கப் பயிற்சி பெற்ற இரகசியத் துணைப் பிரிவுகள் அவற்றின்கீழ் இருந்தன. 1944இல் கலைக்கப்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்தது இம்மூன்று எண்களும் பொறித்த சிவப்பு-நீலக் கேடய வடிவச் சிறு வில்லை.