உப்புக் கரையில் நிலம் யாருக்கு?

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, தலையில் சுமந்து கரையேற்றுவது என்று பாடுபடுபவர்களில் தலித் மக்கள் கணிசமானவர்கள். நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை. ஐப்பசி மழை வந்துவிட்டால் அந்தக் கூலியும் நின்றுபோகும். இந்தக் கடற்கரையில் தலித் அரசியல் நிலத்தையே சுற்றிச் சுற்றி வருவதில் ஆச்சரியம் என்ன?

மரக்காணத்துக்கு வடக்கே பழைய செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் தரிசு சும்மா கிடக்கும். அதைக் கேட்டு பறையர் ஒருவர் மனுப் போட்டால், "முதல் உரிமை எனக்கு" என்று மிராசுதார் குறுக்கே வந்து வாங்கிக்கொள்வார். குடிசை போட்ட மனைகூட பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசை போய்விடும். அப்புறம் எங்கே சங்கம் சேர்வது?

1892-ல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. இதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. (வெள்ளைக்காரன் கருணை என்று இதை முடித்துவிட முடியாது. அதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அந்த ஆண்டுகளில்தான் பறையர் மகாஜன சபையைக் கட்டினார், 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார்.)

கடன், அடமானம், மிரட்டல் என்று அந்த நிலம் கைமாறிப்போனது. அதை மீட்கத்தான் 1994-ல் மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்து மக்கள் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

மரக்காணத்துக்கும் நெருப்பு வந்தது. 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா. அதற்குப் போகும் வழியில் மோதல் வெடித்து, மரக்காணத்தில் தலித் குடியிருப்பின் வீடுகள் எரிந்தன.

காரணைக்குப் பிறகு நில மீட்பு இயக்கத்தார் பழைய வருவாய்ப் பதிவேடுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்று இருந்தால் அது பஞ்சமி நிலம். பட்டா இன்று யார் பெயரில் இருந்தாலும் கேள்வி கேட்க அந்த இரண்டு எழுத்து போதும்.