முற்றாத கதிரின் மாதம்: பஸ்காவும் வசந்தமும்

தமிழ் விவிலியம் 'ஆபிப் மாதம்' என்று ஒலிபெயர்த்து விட்டுவிடும் சொல் (யாத்திராகமம் 13:4) பயிரின் பருவம் ஒன்றைக் குறிப்பது. மணி பிடித்தும் இன்னும் பச்சையாக நிற்கும் வாற்கோதுமைக் கதிரே ஆபிப். 'வசந்தம்' என்ற பொருள் அதன் மேல் பின்னர்தான் ஏறியது. இதைக் கவனியாததால், பஸ்கா வசந்தத்தில் வருவதற்கு இயற்கையின் மறுமலர்ச்சியே காரணம் என்னும் எளிய விளக்கம் நிலைத்துவிட்டது. நான் அந்த மாதப் பெயரில் முற்றாமையையே காண்கிறேன்.

இதே சொல் முன்னரே ஒருமுறை வருகிறது, அழிவின் நடுவே. எகிப்தில் கல்மழை பெய்தபோது வாற்கோதுமை ஆபிபாக இருந்ததால் பாழானது. பின்பயிரான கோதுமை தப்பியது (9:31-32). எளிதில் அடிபடும் பருவத்தின் பெயரையே, இஸ்ரயேலர் எகிப்திலிருந்து விடுதலை பெற்ற மாதம் சுமக்கிறது.

வழிபாட்டு முறையும் இதற்கு இசைவாகவே அமைந்தது. பஸ்கா இரவில், அதாவது ஆபிபின் பிற்காலப் பெயரான நிசான் மாதத்தின் 15ஆம் இரவில், வயலில் புதுக்கதிர் நிற்கும், தொடக்கூடாது. ஓமேர் எனப்படும் முதல் வாற்கோதுமைக் கதிர்க்கட்டைப் படைக்கும்வரை புதுத் தானியம் விலக்கு (லேவியராகமம் 23:14). எனவே அன்று உண்ணும் புளியாத அப்பம் பழைய தானியத்தில் சுட்டது. உபாகமம் அதைச் சிறுமையின் அப்பம் என்கிறது. யூதச் சமய ஆசான்களான ரபிமாரின் மரபில், ஓமேர் படைக்கும் 16ஆம் நாள் முதல் 49 நாள் எண்ணி, 50ஆம் நாள் கோதுமை அப்பங்கள் படைக்கப்பட்டன. சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பட்டதும் அந்நாளிலேயே என்பர். ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஓரிடத்தில் வாற்கோதுமையைக் கால்நடைத் தீவனம் என்கிறது. தீவனத்தில் தொடங்கி மனிதர் உணவில் முடியும் இந்த ஏழு வாரங்களைத் தள்ளிவிட்டுப் பஸ்காவை மட்டும் விளக்குவது பாதி விளக்கமே.

உழவர் விழாவின் மேல் வரலாறு பின்னர் ஏற்றப்பட்டது என்று 1878இல் விவிலிய ஆய்வாளர் வெல்ஹவுசன் வாதிட்டார். தோற்றத்தைப் பொறுத்து அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் உபாகமம் 16:1 ஆபிப் மாதத்தைக் 'காத்துக்கொள்' என்று கட்டளையிடுகிறது. தானாக வருவதைக் காக்க வேண்டியதில்லையே! சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிடப் 11 நாள் குறைவு. விட்டுவிட்டால் பஸ்கா குளிர்காலத்துக்குள் நழுவும். ஆகவே ரபிமார் மன்றம் கதிரையும் மரக்கனியையும் கதிரவனின் நிலையையும் பார்த்து ஆண்டோடு ஒரு மாதம் கூட்டியது. பாலங்கள் பழுதுபட்டிருந்தாலும், பஸ்கா அடுப்புகள் ஈரம் காயாவிட்டாலும் கூட்டலாம் என்கிறது ரபிமாரின் விவாதத் தொகுப்பான தல்மூத்! பின்னாளில் இது 19 ஆண்டுக்கு 7 கூடுதல் மாதம் என்ற கணக்கானது. அடிமைக்குத் தன் நாள்கள் சொந்தமல்ல, மாதங்களைக் குறிக்கும் உரிமை விடுதலையோடு வந்தது என 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உரையாசிரியர் ஸ்ஃபோர்னோ விளக்கியது இங்கே பொருந்தும்.

பூமியின் தென்பாதியிலுள்ள புவேனஸ் அயர்ஸில் பஸ்கா இலையுதிர்காலத்தில் வருகிறது. அங்குள்ள யூதர்கள் விழாவை மாற்றி வைக்கவில்லை. முதல் நாள் தொழுகையில் அவர்கள் பனித்துளி வேண்டுவது, தாங்கள் உழாத இஸ்ரயேல் நிலத்தின் பருவத்தையொட்டியே.